முளைக்கத் தயங்கும் மூலிகை விதைகள்

நெல்லும் உளுந்தும் தக்காளியும் ஈர மண்ணில் விழுந்த சில நாள்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முளைத்துவிடுவது, வேளாண்மைக்குப் பழகிய கண்களுக்கு விதையின் இயல்பான குணமாகவே தோன்றும். உண்மையில் அது பல ஆயிரம் ஆண்டுகள் உழவர்கள் செய்துவந்த தேர்வின் விளைவு. விதைத்தவுடன் முளைத்து, மற்றவற்றோடு சேர்ந்து விளைந்த செடிகளின் மணிகளே மறு பருவத்துக்கு விதையாகச் சேர்ந்தன, காலம் தாழ்த்தி முளைத்தவை களையோடு களையாகப் போயின. சர்ப்பகந்தி, சந்தனம், செங்காந்தள், வேம்பு போன்ற மருந்துச் செடிகளுக்கும் பூச்சிக்கொல்லிச் செடிகளுக்கும் இந்த நீண்ட பழக்கம் இல்லை. அவற்றுட் பல அண்மைக் காலத்தில்தான் காட்டிலிருந்து வயலுக்கும் நாற்றங்காலுக்கும் வந்தவை. ஆகவே அவற்றின் விதைகள் காட்டின் நியதியையே இன்னும் பின்பற்றுகின்றன.

காட்டின் நியதி எளிதில் விளங்கக்கூடியது. கோடையில் பெய்யும் ஒற்றை மழையை நம்பி எல்லா விதைகளும் ஒன்றாக முளைத்து, அதன் பின் ஒரு மாதம் வானம் பொய்த்துவிட்டால், ஓர் இனத்தின் அவ்வாண்டுச் சந்ததி முழுவதும் அழிந்துபோகும். ஈரமும் காற்றும் தக்க வெப்பமும் இருந்தும் உயிருள்ள விதை முளைக்காமல் காத்திருக்கும் நிலையை விதையுறக்கம் என்று தாவரவியலார் அழைக்கின்றனர். இந்த உறக்கத்தின் ஆழம் ஒரே செடியின் விதைகளுக்குள்ளேயே வேறுபடுவதால், சில விதைகள் முதல் மழையிலும் சில அடுத்த பருவத்திலும் சில அதற்கும் பின்னரும் முளைக்கின்றன. இனத்தைக் காக்கும் இந்த ஏற்பாடே நாற்றங்காலில் பெரும் இடராகிவிடுகிறது. பத்துக்கு இரண்டோ மூன்றோ மட்டும் முளைக்கும் விதையை நம்பி எவரும் நிலம் ஒதுக்கமாட்டார். பயிரிடுவோர் இல்லாதபோது மருந்துச் சந்தையின் தேவை காட்டையே தேடிச் செல்கிறது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ரெசர்பின் என்னும் வேதிப்பொருள் 1952ஆம் ஆண்டு சர்ப்பகந்தியின் வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பின்னர் அச்செடிக்கு நேர்ந்தது இதுவே. வேரை எடுப்பதென்றால் செடியைப் பிடுங்குவது என்று பொருள்; இன்று அது பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்ட தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆதலால் இச்செடிகளின் விதையை முளைக்க வைக்கும் முயற்சியை வெறும் நாற்றங்கால் நுட்பமாக மட்டும் கருதுவது குறைபார்வையாகும். காட்டில் எஞ்சியிருப்பதைக் காப்பதற்கு அதைவிட நேரான வழி மிகக் குறைவு.

முளைத்தல் என்பது நீரை உறிஞ்சுவதில் தொடங்குகிறது. உலர்ந்த விதை முதலில் விரைவாக நீரை இழுத்துப் பருக்கிறது. இது உயிரற்ற விதையிலும் நிகழக்கூடிய வெறும் இயற்பியல் நிகழ்ச்சி. அடுத்த கட்டத்தில் நீரின் வரவு ஏறக்குறைய நின்றுபோக, விதையின் உள்ளே நொதிகள் விழித்தெழுந்து சேமிப்பிலுள்ள மாவையும் புரதத்தையும் எண்ணெயையும் கரைக்கத் தொடங்குகின்றன. மூன்றாம் கட்டத்தில் முளைவேர் உறையைப் பிளந்து வெளியே வர, நீர் மீண்டும் விரைந்து உட்புகுகிறது. உறங்கும் விதை முதற்கட்டத்தையே எட்டாமல் நிற்கலாம், அல்லது இரண்டாம் கட்டத்தில் நின்றுவிடலாம். எங்கே நிற்கிறது என்று அறிந்தால்தான் அதற்கேற்ற நேர்த்தியைச் சொல்ல முடியும். ஒரு செடிக்குப் பலனளித்த நேர்த்தியை எல்லாச் செடிகளுக்கும் பரிந்துரைப்பதே மூலிகை வளர்ப்பில் காணப்படும் மிகப் பரவலான பிழை.

தடை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறியப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. நிறுத்த விதைகளை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மேலீரத்தைத் துடைத்து மறுபடி நிறுத்துப் பார்த்தால், எடை கூடாத விதைகளின் தடை உறையில் இருக்கிறது என்பது புலப்படும். எடை கூடியும் பல வாரங்கள் முளைக்காத விதை அழுகாமல் உறுதியாக இருந்தால், தடை கருவுக்குள்ளோ அதைச் சூழ்ந்த திசுவிலோ இருக்கிறது. சில விதைகளைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதும் இன்றியமையாதது, ஏனெனில் வெளித்தோற்றத்தில் முழுமையாக இருந்து உள்ளே கருவே இல்லாத விதைகள் காட்டுச் செடிகளில் ஏராளம். உயிருள்ளதா இல்லையா என்பதை உறுதியாக அறிய, ஜெர்மானிய அறிஞர் கியோர்க் லாக்கோன் 1940களில் உருவாக்கிய டெட்ராசோலியம் சோதனை உதவுகிறது. மூச்சுவிடும் திசு இந்த நிறமற்ற உப்பைச் சிவப்பாக மாற்றும், இறந்த திசு நிறம் மாறாமல் இருக்கும். இச்சோதனையைச் செய்யாமல், செத்துப்போன விதைகளுக்கு விலை உயர்ந்த ஊக்கிகளை ஊட்டி வீணாக்குவது அடிக்கடி நிகழ்கிறது.

உறைத் தடைக்குத் தெளிவான சான்று நிலவாகை. அரேபிய, சோமாலிய வறண்ட நிலங்களுக்கு உரிய இச்செடி இன்று திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் பயிராகி, திருநெல்வேலியின் பெயரோடு சேர்த்தே உலக மருந்துச் சந்தையில் சென்னா என விற்கப்படுகிறது. அதன் இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடுகள் மலச்சிக்கலுக்கு மருந்தாகின்றன. பயறுக் குடும்பத்துச் செடிகள் பலவற்றைப் போலவே நிலவாகையின் விதையுறையிலும் தூண்களைப் போல நெருக்கமாக அடுக்கப்பட்ட தடித்த செல்களின் அடுக்கு ஒன்று நீர்புகா மதிலாக நிற்கிறது. அந்த மதிலில் விதைத்தழும்பின் அருகே மெலிந்த ஓர் இடம் உண்டு. காட்டில் பல மாத வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்கி அவ்விடம் விரிசல் விடும்போதுதான் நீர் உள்ளே செல்கிறது. உழவர்கள் இந்த வேலையைத் தம் கையில் எடுத்துக்கொள்கின்றனர்: விதையைப் பருமணலோடு சேர்த்துத் தேய்த்தோ உரலில் மெல்ல இடித்தோ உறையைச் சிராய்த்து, பின்னர் ஊறவைத்து விதைக்கின்றனர். இடியின் வலு கூடினால் பருப்பு உடைந்துவிடும் என்பதால், சிராய்த்த விதைகளில் ஒரு கைப்பிடியை நீரிலிட்டு எத்தனை பருக்கின்றன என்று பார்த்த பின்னரே முழு விதைக்கும் அதைச் செய்வது நன்று.

குன்றிமணி போன்ற இன்னும் கடினமான விதைகளுக்குக் கொதிநீரை ஊற்றி அப்படியே ஆறவிடும் முறையும், அடர் கந்தக அமிலத்தில் சில நிமிடங்கள் வைத்துக் கழுவும் முறையும் உண்டு. அமிலமுறை விரைவானது, ஒரே சீரான பலன் தருவது. ஆனால் கையுறையும் கண்காப்பும் இன்றி அதைச் செய்யக்கூடாது, அமிலத்தின் மேல் நீரைக் கொட்டுவது பெரும் விபத்தில் முடியும், கழுவிய நீரை மண்ணில் விடுவதும் தகாது. மணலும் உரலும் போதுமான இடத்தில் அமிலத்தை நாடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

உறைக்கும் அப்பால், பழத்தின் உட்சுவரே கல்லாக இறுகி விதையைச் சிறைவைக்கும் செடிகளும் உள்ளன. கடுக்காயின் கொட்டையை அகன்ற முனையில் நறுக்கி, பருப்பில் காயம் படாமல் ஊறவைத்தால்தான் முளைப்பு ஓரளவு தேறும். சர்ப்பகந்தியிலோ இரண்டு இடர்கள் ஒன்றுகூடுகின்றன: கொட்டை கடினமானது, அதற்குள் பல வேளைகளில் விதையே சரியாக உருவாகியிருப்பதில்லை. ஆகவே அங்கே முதல் வேலை பிரித்தெடுத்தல். உப்புநீரில் கொட்டைகளைக் கொட்டி மிதப்பவற்றைக் களைந்து, மூழ்குபவற்றை நல்ல நீரில் கழுவி விதைத்தால் முளைப்பு வீதம் குறிப்பிடத்தக்க அளவு உயர்கிறது. பழங்கள் ஒரே நேரத்தில் கனியாமல் பல வாரங்களுக்குக் கனிந்துகொண்டே இருப்பதால், கருஞ்சிவப்பும் கருப்புமாக முதிர்ந்தவற்றை மட்டும் அவ்வப்போது கையால் பறிக்க வேண்டும். வேர்த்துண்டிலிருந்தும் தண்டுப் போத்திலிருந்தும் இச்செடியை வளர்க்க முடியுமே, இத்தனை பாடு எதற்கு என்ற வினா எழலாம். விதையிலிருந்து வளர்ந்த செடியே கூடுதல் வேர் விளைச்சல் தருகிறது. மேலும் வேர்த்துண்டு வேண்டுமென்றால் அதற்காகவும் ஒரு செடியைப் பிடுங்கியாக வேண்டும்.

கருவுக்குள் இருக்கும் தடை வேறு வகையானது. அது இரு வளர்ச்சி ஊக்கிகளின் சமநிலையைப் பொறுத்தது. அப்சிசிக் அமிலம் விதை முதிரும்போதே சேர்ந்து முளைத்தலை அடக்கி வைக்கிறது. ஜிப்ரெல்லின் அந்த அடக்கத்தை மீறிச் சேமிப்பைக் கரைக்கும் நொதிகளை உருவாக்கத் தூண்டுகிறது. ஜிப்ரெல்லினின் வரலாறு ஒரு நெல் நோயில் தொடங்குகிறது. நாற்றுகள் அளவுக்கு மீறி உயர்ந்து மெலிந்து சாயும் நோயை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் குரோசாவா, 1926இல் தைவானில், அதற்குக் காரணமான பூஞ்சை சுரக்கும் ஒரு பொருளே நாற்றை அவ்வாறு நீட்டுகிறது என்று காட்டினார். பின்னர் அப்பொருள் தாவரங்களுக்குள்ளேயும் இயல்பாக உள்ளது என்பது தெரியவந்தது. சந்தன நாற்றங்கால்களில் இன்று இது வழக்கமான பொருளாகிவிட்டது. புதிதாக உதிர்ந்த சந்தன விதை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் உறங்கும். அதன் பின்னும் முன்பின்னாகவே முளைக்கும். 0.05 விழுக்காடு ஜிப்ரெல்லிக் அமிலக் கரைசலில், அதாவது ஒரு லிட்டர் நீருக்கு அரை கிராம் என்ற அளவில், ஓரிரவு ஊறவைத்த விதைகள் பெரிதும் ஒருசீராக முளைக்கின்றன. இப்பொருள் நீரில் எளிதில் கரையாது என்பதால் முதலில் சிறிதளவு எரிசாராயத்தில் கரைத்து, பின் நீர் சேர்ப்பர். அளவு மிகுந்தால், அன்று குரோசாவா கண்ட நெல் நாற்றின் கதியே சந்தன நாற்றுக்கும் நேரும்: நெட்டையாக, வெளிறி, நிற்க வலுவின்றிப் போகும்.

ஒளியைக் கொண்டு பருவமும் ஆழமும் அறியும் விதைகளும் உண்டு. அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தார் 1952இல் லெட்டூஸ் கீரையின் விதையை வைத்து, செவ்வொளி முளைத்தலைத் தூண்டுவதையும் அதைவிட நீண்ட அலைகளையுடைய தொலைச்சிவப்பு ஒளி அத்தூண்டுதலை அழிப்பதையும் நிறுவினர். இதை உணரும் நிறமியே பைட்டோகுரோம். இலைகளின் ஊடே வடிந்து வரும் ஒளியில் தொலைச்சிவப்பு மிகுதி என்பதால், பெரிய மரத்தின் நிழலில் கிடக்கும் சிறுவிதை தனக்கு மேலே இடமில்லை என்பதை இவ்வாறே அறிகிறது. துளசி போன்ற மிகச் சிறிய விதைகளை மணலோடு கலந்து மேலோட்டமாகத் தூவுவதன் காரணம் இதனோடு தொடர்புடையது. ஆழத்தில் புதைந்தால் ஒளியும் கிடைக்காது, மேலே வந்து சேரும் அளவுக்குச் சேமிப்பும் இராது. நித்தியகல்யாணியோ நேர்மாறானது. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகும் வின்கிரிஸ்டினைத் தரும் இச்செடியின் கரிய விதைகளுக்கு இருளே உகந்தது, ஆகவே விதைத்தட்டை முளைவிடும் வரை மூடிவைக்க வேண்டும். இரண்டையும் ஒரே பாத்தியில் ஒரே முறையில் விதைப்பவர் ஒன்றை இழப்பது உறுதி.

இதுவரை கண்டவை காத்திருக்கத் தெரிந்த விதைகள். வேம்பின் இடர் இதற்கு முற்றிலும் எதிரானது. அதற்குக் காத்திருக்கத் தெரியாது. ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் வேப்ப மரங்களைத் தொடாமல் மற்றவற்றை மொட்டையடித்ததைக் கண்டு ஆராயத் தொடங்கினார். 1968இல் அதன் விதையிலிருந்து அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. பூச்சியை உண்ணவிடாமல் தடுத்து, தோலுரித்து வளர்வதையும் குலைக்கும் இப்பொருளுக்காகவே வேப்பங்கொட்டை இன்று உலகெங்கும் தேடப்படுகிறது. தமிழக உழவர்கள் பயன்படுத்தும் 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு, 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ பருப்புத் தூள் என்ற கணக்கில் ஆக்கப்படுவது. அதற்கான கொட்டையை நிழலில் நன்கு உலர்த்திச் சில மாதங்கள் வைத்துக்கொள்ளலாம். விதைப்பதற்கான கொட்டையை அவ்வாறு வைக்க முடியாது. சாதாரணச் சூழலில் சில வாரங்களிலேயே அதன் முளைக்கும் திறன் வெகுவாகச் சரிந்துவிடுகிறது.

விதையியலில், நன்கு உலர்த்திக் குளிரில் வைத்தால் பல்லாண்டு வாழும் விதைகள் ஒரு வகை; உலர்ந்தாலே மடிந்துவிடும் மா, பலா போன்றவை மற்றொரு வகை. வேம்பு எந்த வகை என்பதில் ஆய்வாளர்களிடையே நீண்ட காலம் ஒற்றுமை இருக்கவில்லை. ஓரளவு உலர்த்தலைத் தாங்கும், ஆனால் ஈரம் மிகுந்த நிலையில் குளிரூட்டினால் கேடுறும் என்று கண்ட பலர் அதை இரண்டுக்கும் இடைப்பட்டதாக வைக்கின்றனர். நாற்றங்காலுக்கு இதிலிருந்து கிடைக்கும் நெறி ஒன்றே: ஆனி, ஆடியில் பச்சை மாறி மஞ்சளாகும் பழங்களை மரத்திலிருந்தே பறித்து, அன்றே சதையைப் பிசைந்து நீக்கி, கழுவி, நிழலில் சில நாள் உலர்த்தி, உடனே விதைத்துவிட வேண்டும். சதையோடு குவித்து வைத்தால் அது நொதித்துச் சூடேறிக் கருவைக் கொல்லும், பூஞ்சையும் பற்றும். மூட்டை கட்டி மாவட்டம் கடந்து அனுப்பி, ஐப்பசியில் விதைத்துவிட்டு, வேம்பு முளைக்காத விதை என்று பழி கூறுவது அதற்கு இழைக்கும் அநீதி. பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டுவதும் அதே அளவு தீங்கானது. துணிப்பையோ சணல்பையோ வேண்டும், ஏனெனில் அவ்விதை மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது.

செங்காந்தளின் நிலை விந்தையானது. தமிழகத்தின் மாநில மலரான இது, கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் பந்தலில் படர்த்திப் பயிரிடப்படுகிறது. விற்பனைக்குப் போவது விதை, நடுவதோ கிழங்கு. விதையில் உள்ள கொல்கிசின் மூட்டுவாத நோய்க்கு மருந்தாகும். 1937இலிருந்து அதே பொருள் செடிகளின் நிறமூர்த்த எண்ணிக்கையை இரட்டிப்பாக்கவும் பயன்பட்டு வருகிறது. ஆனால் அந்த விதை முளைக்கப் பல மாதங்கள் ஆகும், முளைத்த செடி பூப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். எனவே முனையில் மட்டுமே முகை கொண்ட, எளிதில் ஒடியும் கிழங்குக்கு விலை ஏறுகிறது, காட்டுக் கிழங்கைத் தோண்டவும் ஆசை பிறக்கிறது. விதையிலிருந்து குறுகிய காலத்தில் நடவுக்கு ஏற்ற சிறுகிழங்கை உருவாக்கும் எந்த நுட்பமும் இப்பயிரில் மற்றெல்லா முன்னேற்றங்களையும்விட மதிப்புடையதாகும். செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு என்பதால், விதையைக் கையாள்வோர் கையுறை அணிவதும் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும் கட்டாயம்.

தடை நீங்கிய விதையின் வேகத்தையும் வலுவையும் கூட்டும் வழிகள் தனி. முளைத்தலின் இரண்டாம் கட்டம் வரை விதையை நனையவிட்டு, முளைவேர் வெளிவரும் முன்னரே நிழலில் உலர்த்தி நிறுத்திவைப்பது அவற்றுள் முதன்மையானது. இவ்வாறு பாதி வேலையை முடித்துக்கொண்ட விதை, மண்ணில் இட்டதும் விரைவில் எழும்புகிறது. மானாவாரி நிலத்தில் விதையைக் கடினப்படுத்துதல் என்ற பெயரில் உழவர்கள் அறிந்திருப்பது இதுவே. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைடெக்கர் 1973இல் நீருக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைப் பயன்படுத்தி, விதைக்குள் புகும் நீரின் அளவையே கட்டுப்படுத்திக் காட்டினார். இவ்வாறு நேர்த்தி செய்த விதையின் சேமிப்பு ஆயுள் குறையும் என்பதால், விதைக்கும் நாளை ஒட்டியே இதைச் செய்ய வேண்டும். 0.2 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட் கரைசல் விதைச் சோதனைக் கூடங்களில் நெடுங்காலமாக வழக்கிலிருக்கும் எளிய தூண்டி. இளநீரில் செல் பிரிதலைத் தூண்டும் சைட்டோகைனின்கள் உள்ளமையால் அதில் ஊறவைப்பதற்கும் அறிவியல் அடிப்படை உண்டு. மிகச் சிறிய விதைகளின் மேல் அரப்பு இலைத்தூளைப் பசையோடு சேர்த்துப் பூசி உருட்டினால் கையாளவும் சீராக விதைக்கவும் வசதியாகிறது.

முளைப்பு வீதம் உயர்ந்துவிட்டதாலேயே நல்ல நாற்று கிடைத்துவிடாது. அப்துல் பாக்கி, ஆண்டர்சன் ஆகிய இருவரும் 1973இல் முன்வைத்த வீரியக் குறியீடு, முளைப்பு விழுக்காட்டை நாற்றின் நீளத்தால் பெருக்கி வருவது. எத்தனை முளைத்தன என்பதோடு எவ்வளவு வலுவாக முளைத்தன என்பதையும் அது கணக்கில் கொள்கிறது. வலுக்குன்றிய நாற்றை முதலில் தாக்குவது நாற்றழுகல் நோய். தண்டின் அடி நீர்கோத்து மெலிந்து, செடி ஒரே இரவில் மடிந்து விழும். பூவாளியால் அளவோடு நீர் ஊற்றுவதும், தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தியும், ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பதும் இதைத் தடுக்கும். மட்கிய தொழுவுரத்தோடு வேர் உட்பூசணத்தைச் சேர்த்தால், அப்பூசண இழைகள் வேர் எட்டாத இடத்துப் பாஸ்பரத்தையும் கொண்டுவந்து தருகின்றன. வேம்பு, கடுக்காய் போன்ற ஆணிவேர் மரங்களைச் சிறிய பாலித்தீன் பையில் நெடுநாள் வைத்திருந்தால் வேர் அடியில் சுருண்டுகொள்ளும். நட்ட பின்னும் அச்சுருள் நேராகாது.

சந்தன நாற்றுக்கு மற்றொரு தேவை உண்டு. அது பாதி ஒட்டுண்ணி. தன் இலையால் உணவு ஆக்கிக்கொண்டாலும், நீருக்கும் கனிமங்களுக்கும் அண்டைச் செடியின் வேரில் உறிஞ்சுறுப்பைப் பதித்துத் துணை தேடுகிறது. ஆதலால் ஒவ்வொரு பையிலும் சந்தனக் கன்றோடு துவரையை வளர்த்து, துவரை மேலோங்கி நிழல் கட்டும்போது அதைக் கத்தரித்துவிடுவர். இந்தத் துணையில்லாமல் ஊக்கி நேர்த்தியால் எத்தனை விதைகள் முளைத்தாலும், சில மாதங்களில் கன்றுகள் மஞ்சளித்துத் தேங்கிவிடும்.

விதையை எங்கிருந்து எடுப்பது என்பதும் நேர்த்தியின் பகுதியே. வேப்பங்கொட்டையில் அசாடிராக்டின் அளவு மரத்துக்கு மரம் வேறுபடுகிறது. ஒரே தாய்மரத்தின் விதையைக் கொண்டு ஒரு தோப்பையே நிரப்பினால் அம்மரத்தின் குறைகளும் தோப்பு முழுவதும் பரவும். ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கும் பல மரங்களிலிருந்து சேகரித்து, எந்த மரத்தினது என்று எழுதிவைப்பது நல்ல நாற்றங்காலின் அடையாளம். அதைவிட நுண்ணியது மற்றொன்று: முதலில் முளைத்த கன்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதத் தட்டைக் கொட்டிவிடும் வழக்கம், சில தலைமுறைகளில், வறட்சியைத் தாண்டக் காத்திருக்கும் குணத்தையே அச்செடியிலிருந்து நீக்கிவிடும். வயலுக்கு மட்டும் நாற்று வளர்ப்பவருக்கு அது ஏற்றதாக இருக்கலாம். காட்டில் திரும்ப நடுவதற்காக வளர்ப்பவர், இரண்டாம் மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் எழும் கன்றுகளுக்கும் பெயர்ச்சீட்டு கட்டி, முதல் கன்றுகளோடு கலந்தே நடவுக்கு அனுப்ப வேண்டும்.